கடைமனையும் மழைநீரும்

பெங்களூரு மாநகரில், ரிச்மண்ட் டவுனுக்குத் தென்கிழக்கே, ஆஸ்டின் டவுனை அடுத்து விளங்குவது நீலசந்திரா. தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் இடம் அது. பெயரைக் கேட்டவுடன் அதற்கும் சந்திரனுக்கும் தொடர்புண்டு என்று எண்ணுவோர் உளர். ஆயின், பெங்களூரைச் சுற்றிலும் பொம்மசந்திரா, சிங்கசந்திரா, ஹொங்கசந்திரா என இவ்வாறே முடியும் ஊர்ப்பெயர்கள் பல உள்ளன. இவற்றின் ஈற்றில் நிற்பது ‘சமுத்திரம்’ என்னும் சொல்லின் திரிபே என்பர். பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று அழைப்பது தென்னாட்டில் பழைய வழக்கம். பெயரிலேயே நீரைத் தாங்கி நிற்கும் இப்பகுதியில் இன்று நம் கண்ணில் படுவன நெருங்கிய வீடுகளும், கடைகளும், தாரும் சிமெண்டும் மூடிய தரையுமே.

இத்தகைய இடத்தில் ஒருவர் பழைய வீட்டை இடித்துவிட்டுக் கடைகளோ, பண்டகசாலையோ, அலுவலகமோ கட்ட முற்படுகிறார் என்று கொள்வோம். நிலத்தை மட்டம் செய்தல், தளமிடுதல், மழைநீரை வெளியேற்றுதல் ஆகிய மூன்றும் அவருக்கு மூன்று தனி வேலைகளாகத் தோன்றும். மண் வேலைக்கு ஓர் ஆள், தளத்துக்கு மற்றோர் ஆள், வடிகாலுக்கு இன்னோர் ஆள் என்று பிரித்துக் கொடுப்பதும் உண்டு. உண்மையில் இவை மூன்றும் ஒரே வேலையின் மூன்று பகுதிகளே. நீர் எங்கே போகப்போகிறது என்பதை முதலில் தீர்மானித்தால் மற்ற இரண்டும் அதன்பின் தாமே அமையும். அதனைக் கடைசிக்கு ஒதுக்கினாலோ, செலவிட்ட பொருள் அனைத்தும் முதல் பெருமழையில் வீணாகும். அவருடைய பொருள் மட்டுமன்று, கீழ்ப்புறம் கடை வைத்திருப்பவருடைய பொருளும் வீணாகும்.

முதலில் நகரின் நிலஅமைப்பைச் சற்றே நோக்குவோம். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு நீண்ட மேட்டின் முதுகில் அமைந்தது. பெரிய ஆறு எதுவும் அதன் நடுவே ஓடவில்லை. மேட்டின் மேற்குப் பக்கம் பெய்யும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியுடன் கூடிக் காவிரியை அடையும். கிழக்குப் பக்கம் பெய்யும் மழை ஹெப்பாள் பள்ளத்தாக்கு வழியாகவும், கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கு வழியாகவும் தட்சிண பினாகினியைச் சேரும். நீலசந்திரா இந்தக் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கைச் சார்ந்தது. ரிச்மண்ட் டவுன் மேட்டிலிருந்து தென்கிழக்காக, ஈஜிபுரா, கோரமங்கலாப் பக்கம் நிலம் தாழ்ந்து செல்கிறது. அங்குக் கூரையில் விழும் துளி பெல்லந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி ஆகியவற்றைக் கடந்து தட்சிண பினாகினியில் கலக்கிறது. அந்த ஆறே ஒசூர் அருகே தமிழ்நாட்டில் புகுந்து, தென்பெண்ணை என்ற பெயருடன் கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது.

ஆறில்லாத மேட்டு நிலத்தில் வாழ்ந்த முன்னோர், சரிவு தோறும் கரை கட்டி நீரைத் தேக்கினர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகை நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். இக்கால்வாய்களைக் கன்னடத்தில் ராஜகாலுவே என்பர். இருபதாம் நூற்றாண்டில் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூர்க்கப்பட்டன. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் உள்ளது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆயிற்று. நீலசந்திராவுக்கு அணித்தே இருந்த அக்கிதிம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமாகவும், சூளை ஏரி கால்பந்து அரங்கமாகவும் மாறின. சல்லகட்டா ஏரியின் மீது கோல்ஃப் மைதானம் பரந்துள்ளது. ஏரியை மூடலாம், ஆனால் அதனை நோக்கிச் சாய்ந்திருக்கும் நிலத்தின் சரிவு மூடப்படுவதில்லை. மழை பெய்தால் நீர் பழைய பள்ளத்தையே தேடும்.

கால்வாய்களின் நிலையும் இதுவே. இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர், பெங்களூரின் மழைநீர் நிர்வாகத்தைப் பற்றி 2021ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் ஒரு கணக்கு காணப்படுகிறது. கோரமங்கலாப் பள்ளத்தாக்கில் 1900ஆம் ஆண்டையொட்டி ஏறத்தாழ 113 கிலோமீட்டர் நீளமிருந்த கால்வாய்கள், 2016–17இல் ஏறத்தாழ 63 கிலோமீட்டராகக் குறைந்துவிட்டன. மழை குறையவில்லை, வழி ஏறக்குறையப் பாதியாயிற்று. அதே காலத்தில் தரையும் மூடப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்தார் செய்த ஆய்வுகளின்படி, 1973ஆம் ஆண்டில் நகர்ப்பரப்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கே கட்டடமும் தளமுமாக இருந்தது. இன்று அது முக்கால் பங்குக்கும் மேலாகிவிட்டது.

இந்த நிலையில் தனி ஒருவரின் மனை என்ன செய்யும் என்று கேட்கலாம். அதற்கு விடை சொல்லக் கணக்கு ஒன்று உண்டு. அயர்லாந்து நாட்டுப் பொறியாளர் தாமஸ் மல்வேனி என்பவர் 1850ஆம் ஆண்டையொட்டி வெளியிட்ட எளிய முறை அது. மழையின் வேகம், நிலத்தின் பரப்பு, விழுந்த மழையில் ஓடிப்போகும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால், நொடிக்கு எவ்வளவு நீர் வெளியேறும் என்பது தெரியும். பொறியாளர்கள் இன்றும் சிறு மனைகளுக்கு இதனையே கையாளுகின்றனர்.

அரை ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 40 மீட்டர், ஆழம் 50 மீட்டர். கணக்குக்காக, மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை பெய்வதாகக் கொள்வோம்; பெங்களூரில் இடியுடன் கூடிய மாலை மழைக்கு இது மிகையான வேகமன்று. மனையின் மேல் நொடிக்கு 33 லிட்டர் நீர் விழுகிறது. தோட்டமும் மண்தரையும் சூழ்ந்த பழைய வீடாக இருந்தால், அதில் பத்தில் மூன்று பங்கே ஓடிப்போகும் என்று கொள்ளலாம். அதாவது நொடிக்குப் பத்து லிட்டர். அதே மனையைக் கூரையும் சிமெண்டும் முழுவதும் மூடிவிட்டால், பத்தில் ஒன்பது பங்கு ஓடும். அது நொடிக்கு முப்பது லிட்டர். தெருவில் உள்ள வடிகால் பழைய அளவிலேயே இருக்கிறது. அதில் வந்து விழும் நீரோ மும்மடங்காகிவிட்டது. தெருவில் பத்து மனைகள் இவ்வாறு மாறினால் கடைக்கோடியில் உள்ள சிறு கடைக்காரரின் கதி யாதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மற்றொன்றையும் இங்கே கருத வேண்டும். மண்ணில் விழும் நீர் தயங்கித் தயங்கி நகரும். தளத்தில் விழும் நீர் சில நிமிடங்களில் வாயிலை அடைந்துவிடும். ஆகவே சிறிய மனைகளுக்கு நாள் முழுதும் பெய்யும் தூறலைக் கொண்டு வடிகாலை அளத்தல் தகாது. பத்து நிமிடம் கொட்டித் தீர்க்கும் மழையே அங்கு அளவுகோல். ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு என்ற புள்ளியைக் காட்டி, ‘இங்கே என்ன பெரிய மழை’ என்று கூறுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி நிலமட்டத்துக்கு வருவோம். கட்டடத்தின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதையே பெரும்பாலோர் முதலில் முடிவு செய்கின்றனர். முறை அதுவன்று. முதலில் அளக்க வேண்டியது, தெரு வடிகாலின் அடித்தளம் எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதே. நம் மனையின் நீர் முடிவாகச் சென்று விழும் புள்ளி அதுதான். அங்கிருந்து மேல்நோக்கிக் கணக்கிட்டு வர வேண்டும். மனைக்குள் ஓடும் வடிகாலுக்கு இருநூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற வாட்டம் கொடுக்கிறோம் என்று கொள்வோம். ஐம்பது மீட்டர் ஆழமுள்ள மனையில் அது 25 சென்டிமீட்டர் இறங்கும். தொடக்கத்தில் வடிகாலின் ஆழம் 30 சென்டிமீட்டர் என்றால், தளம் மட்டமாக இருக்குமிடத்து முடிவில் 55 சென்டிமீட்டர் ஆகும். தெரு வடிகாலின் அடி அதற்கும் கீழே இருந்தால் நன்று. இல்லையேல், மனையின் பின்பகுதியை உயர்த்தித் தளத்தையும் வடிகாலோடு சரியவிட வேண்டும். இந்த ஒரு சிறு கணக்கைப் போடாமல் தளமிட்டு முடித்தபின், நீர் தெருவிலிருந்து மனைக்குள் திரும்பி வருவதைக் கண்டு திகைப்போர் பலர்.

நீலசந்திரா போன்ற சரிவான பகுதியில் தெருவின் மேல்பக்கத்து மனைக்கும் கீழ்பக்கத்து மனைக்கும் நிலைமை ஒன்றன்று. மேல்பக்கத்து மனை இயல்பாகவே தெருவை நோக்கிச் சாய்ந்திருக்கும், வேலை எளிது. கீழ்பக்கத்து மனையோ தெருவுக்குப் புறங்காட்டிச் சாய்ந்திருக்கும். அதன் நீர் பின்புறத்து வீட்டுச் சுவரைத்தான் சென்று முட்டும். 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம், மேல்நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகக் கீழ்நிலத்துக்கு ஓடுவதைக் கீழ்நிலத்தார் விட வேண்டும் என்று உரைக்கிறது. ‘இயல்பாக’ என்ற சொல்லே அங்கு உயிர்நிலை. பரவலாக ஊறி வந்த நீரை ஒரே குழாயில் திரட்டி அடுத்தவர் சுவரடியில் பாய்ச்சுதல் இயல்பாகாது. அத்தகைய மனையில் பின்பகுதியை மண்ணிட்டு உயர்த்தலாம். அன்றி, தாழ்ந்த மூலையில் தொட்டி அமைத்து நீரைத் தேக்கி, பம்பு வைத்துத் தெருவுக்கு ஏற்றலாம். பம்பை மட்டும் நம்புதல் கூடாது என்பது நம் கருத்து. பெருமழை வரும் வேளையும் மின்சாரம் நிற்கும் வேளையும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

மண்ணிட்டு உயர்த்துவதிலும் எல்லை உண்டு. கட்டடத்தின் பீடம் சுற்றுத்தரையைவிடக் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. பீடத்தை உயர்த்துதல் வேறு. மனை முழுவதையும் உயர்த்துதல் வேறு. முன்னது தன்னைக் காத்துக்கொள்ளும் செயல். பின்னது தன் நீரைப் பிறர்மேல் தள்ளும் செயல். ஒருவர் ஓரடி உயர்த்தினால் அடுத்தவர் ஒன்றரை அடி உயர்த்துகிறார். இப்போட்டியில் தோற்பவர், வாடகைக்கு இருப்பதால் தரையை உயர்த்த இயலாத பழைய கடைக்காரர்.

இந்தப் போட்டியைத் தெருவே தொடங்கி வைப்பதும் உண்டு. தார்ச்சாலையைப் புதுப்பிக்கும்பொழுது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய அடுக்கை இட்டால், ஒவ்வொரு முறையும் நான்கைந்து சென்டிமீட்டர் உயரும். நான்கு முறை இவ்வாறு செய்தால் ஒரு படியின் உயரம் ஏறிவிடும். முன்பு இரு படிகள் ஏறிச் சென்ற கடைக்குள் இப்பொழுது ஒரு படி இறங்கிச் செல்ல நேர்ந்திருப்பதைப் பழைய கடைத்தெருக்கள் பலவற்றில் காணலாம். புதிதாகக் கட்டுவோர் சாலையின் இன்றைய மட்டத்தை மட்டும் நோக்காமல், அடுத்த இருபது ஆண்டுகளில் அது உயரக்கூடும் என்பதையும் எண்ணிக்கொள்வது நலம். நிலவறையில் வண்டி நிறுத்துமிடம் அமைப்போர், சரிவுப்பாதை தொடங்குமிடத்தில் தெருவைவிட உயர்ந்த ஒரு மேட்டை முதலில் ஏறவைத்து, அதன்பின்னரே கீழே இறக்க வேண்டும். அந்த மேடு இல்லாத நிலவறை, மழைக்காலத்தில் கிணறாகும்.

மட்டம் பார்க்கும் கருவிகள் இன்று பல வந்துவிட்டன. எனினும் கொத்தனார்கள் கையாளும், நீர் நிரப்பிய நீண்ட கண்ணாடி நிற ரப்பர்க்குழாய் சிறிதும் இழிந்ததன்று. காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பினால் மனையின் இரு மூலைகளின் மட்டத்தையும் அது பிழையின்றிக் காட்டும். கட்டடத்தைச் சுற்றி முதல் மூன்று மீட்டர் தூரத்துக்குத் தரை 15 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். அதற்கு அப்பால், தளமிட்ட முற்றத்துக்கு நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் முதல் ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் வரை வாட்டம் போதும். அதற்குக் குறைந்தால் ஆங்காங்கே நீர் தேங்கும். மிகுந்தால் தள்ளுவண்டி நில்லாது, சக்கர நாற்காலியில் வருவோர்க்கும் இடர்ப்பாடு.

வாட்டம் என்பது வடிகாலில் எத்தகைய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைக் கணக்கால் அறியலாம். மல்வேனியின் நாட்டைச் சேர்ந்த ராபர்ட் மேனிங் என்பவர் 1889ஆம் ஆண்டில் எடுத்துரைத்த சூத்திரம் இதற்கு உதவும். (மழைக்குப் பேர்போன சிறு தீவு, இவ்விரு கணக்குகளையும் உலகுக்கு அளித்ததில் வியப்பில்லை.) 30 சென்டிமீட்டர் அகலமுள்ள சிமெண்டு வடிகாலில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் ஓடுகிறது என்று கொள்வோம். வாட்டம் இருநூறுக்கு ஒன்றாக இருந்தால், அது நொடிக்கு ஏறத்தாழ 55 லிட்டர் நீரைக் கொண்டுசெல்லும். நம் மனைக்கு வேண்டியதோ முப்பது லிட்டர்தான், அச்சமில்லை. அதே வடிகாலை ஆயிரத்துக்கு ஒன்று என்ற வாட்டத்தில் அமைத்துவிட்டால், அது ஏறத்தாழ 25 லிட்டரை மட்டுமே கொண்டுசெல்லும். சிமெண்டும் செங்கல்லும் கூலியும் ஒன்றே. ஆனால் வடிகால் வழிந்துவிடும். அதனினும் கேடு ஒன்று உண்டு. முதல் வடிகாலில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடி மணலை அடித்துச் செல்லும். இரண்டாவதில் 40 சென்டிமீட்டர் வேகமே இருப்பதால் மணல் அங்கேயே படியும். படிந்த மணல் வடிகாலின் ஆழத்தைக் குறைக்கும்; ஆழம் குறைந்தால் வேகம் இன்னும் குறையும். இவ்வாறு ஒரு மழைக்காலத்திலேயே அது அடைபட்டுவிடும்.

மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் ஒன்றோடொன்று கலத்தலாகாது. மழைநீரைச் சாக்கடைக் குழாயில் விட்டால், மேன்ஹோல் மூடிகள் கிளம்பிக் கழிவுநீர் தெருவில் பெருகும். கழிவுநீரை மழைக்கால்வாயில் விட்டால், அது நேரே ஏரிக்குப் போகும். பெல்லந்தூர் ஏரியில் வெண்ணுரை மலைபோல் எழுந்து சாலையில் பறந்ததையும், 2017, 2018 ஆண்டுகளில் அதன்மேல் தீப்பற்றி எரிந்ததையும் உலகம் கண்டது. தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணையிலும் நுரை பொங்குவதை ஒசூர்ப் பக்கத்து உழவர்கள் அறிவர். உணவு விடுதி நடத்துவோர், பாத்திரம் கழுவும் நீரை முற்றத்துக் கம்பிச்சட்டத்தின் வழியே ஊற்றிவிடுவது பொதுவான வழக்கம். அந்த எண்ணெய்ப் பிசுக்கு முதலில் அடைப்பது அவர்கள் வடிகாலைத்தான்.

தளத்தைப் பற்றி இனிச் சுருங்கக் கூறுவோம். தளத்தின் வலிமை மேலே தெரியும் கல்லில் இல்லை. அடியிலுள்ள மண்ணில் இருக்கிறது. பெங்களூரின் செம்மண் நன்கு இறுகக்கூடியது. ஆயினும் அதனைக் காய்ந்த நிலையில் இடித்தாலும் இறுகாது. சேறாக்கி இடித்தாலும் இறுகாது. ஒரு குறித்த ஈரத்தில்தான் மண் மிக நெருக்கமாக அமையும் என்பதை, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பொறியாளர் பிராக்டர் 1933ஆம் ஆண்டில் சோதனையால் நிறுவினார். 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை மண்ணைப் பரப்பி, அளவாக நீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கிய பின்னரே அடுத்த அடுக்கை இட வேண்டும். இடித்த வீட்டின் கூளத்தை அப்படியே கொட்டி நிரவி அதன்மேல் தளமிடுவதைச் சிக்கனம் என்று கூறுதல் தகாது. குழாய்க்காக வெட்டிய பள்ளங்களை நிரப்பும்பொழுதும் இதே கவனம் வேண்டும். புதிய முற்றத்தில் நேர்க்கோடாகத் தளம் அமிழ்ந்து நீர் தேங்கியிருந்தால், அதன் அடியில் குழாய் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மண்ணின்மேல் ஜல்லி அடுக்கு, அதன்மேல் மெல்லிய மணல் விரிப்பு, அதன்மேல் சிமெண்டுக் கற்கள் என்பது இன்று பரவியுள்ள முறை. பேவர் பிளாக் என்று வழங்கும் இக்கற்களில், ஆள் நடமாட்டத்துக்கும் இலகு வண்டிகளுக்கும் 60 மில்லிமீட்டர் கனமும், சரக்கு வண்டி வரும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கனமும் கொள்ளப்படுகின்றன. ஓரங்களில் உறுதியான கட்டுக்கல் இல்லையேல் கற்கள் நாளடைவில் விலகிப்போகும். கற்களின் இடைவெளியில் சிறிது நீர் இறங்கும் என்பது உண்மை. ஆனால், இடைவெளியைச் சிமெண்டுக் கலவையால் பூசிவிட்டு, ‘நீர் இறங்கும் தளம்’ என்று அதனைப் பெருமையுடன் காட்டுவோரும் உளர். வண்டிகளைக் கழுவும் இடத்திலும், எண்ணெய் சிந்தும் இடத்திலும் நீர் இறங்கும் தளம் கூடாது. அங்கே கெட்டித் தளமிட்டு, எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி வழியாகவே நீரை விடுதல் வேண்டும்.

நீரை விரைவாக வெளியேற்றுவது பற்றியே இதுவரை பேசினோம். மனைக்குள்ளேயே அதனைப் பிடித்து வைத்தல் அதனினும் சிறந்த வழி. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பெங்களூரில் 2009ஆம் ஆண்டில் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி அதனைக் கட்டாயமாக்கினர். பின்னர், கூரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு 60 லிட்டரும், தளமிட்ட திறந்தவெளியில் சதுர மீட்டருக்கு 30 லிட்டரும் தேக்கும் அளவுக்கு ஏற்பாடு வேண்டும் என வகுத்தனர். நம் 2,000 சதுர மீட்டர் மனையில் கூரை 1,200, தளம் 600, செடி வைத்த மண் 200 என்று பிரித்துப் பார்ப்போம். கூரைக்கு 72,000 லிட்டர், தளத்துக்கு 18,000 லிட்டர், ஆகக் கூடுதல் 90,000 லிட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை ஒரு மணி நேரம் நீடித்தால், மனையிலிருந்து ஓடக்கூடிய நீர் 1,08,000 லிட்டர். அதாவது அந்த மழையின் ஓட்டத்தில் ஆறில் ஐந்து பங்கை மனைக்குள்ளேயே நிறுத்திவிடலாம். தெருவுக்குப் போவது எஞ்சிய ஒரு பங்கே.

கேட்பதற்கு இனிய கணக்கு. ஆனால் இதில் நிபந்தனை ஒன்று மறைந்துள்ளது. மழை தொடங்கும்பொழுது சம்பு காலியாக இருக்க வேண்டும். குடிநீர் லாரிக்குக் காசு கொடுத்து வாங்கும் நகரில், நிறைந்த சம்பைக் காலி செய்ய யாருக்கு மனம் வரும்? செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நாள்தோறும் மாலையில் மழை வரும் காலத்தில், நேற்றைய நீர் நிறைந்திருக்கும் தொட்டி இன்றைய வெள்ளத்தைத் தடுக்காது. ஆகவே தொட்டியை இரண்டாகப் பிரித்தல் அறிவுடைமை. ஒன்று, பயன்படுத்துவதற்காகத் தேக்கி வைப்பது. மற்றொன்று, அடியில் சிறு துளையுடன், நிறைந்த நீரைச் சில மணி நேரத்தில் மெல்ல வடித்துவிட்டு அடுத்த மழைக்குக் காலியாக நிற்பது. அவ்வாறு வடியும் நீரைக் கசிவுக் கிணற்றுக்கு அனுப்பினால் நிலத்தடி நீரும் பெருகும். இரண்டாவது தொட்டியின் பயனை உடையவர் நேரில் காண்பதில்லை. கீழ்த்தெருவில் உள்ளவரே காண்பார். அதனாலேயே அது பெரும்பாலும் கட்டப்படாமல் போகிறது.

2022ஆம் ஆண்டில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். செப்டம்பர் 4ஆம் நாள் இரவு பெங்களூரில் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. நீலசந்திராவின் நீரும் சென்று சேரும் பெல்லந்தூர்ப் பக்கத்தில், வெளிவட்டச் சாலை மூழ்கியது. உயர்ந்த கண்ணாடி மாளிகைகளில் பணிபுரிவோர் டிராக்டர்களில் ஏறி அலுவலகம் சென்றனர். அதற்குச் சில நாள் முன்னதாக, ஆகஸ்டு 30ஆம் நாள் ஒரு நாள் வெள்ளத்தால் மட்டும் 225 கோடி ரூபாய் இழப்பு என்று அச்சாலையிலுள்ள நிறுவனங்களின் சங்கம் முதலமைச்சருக்கு எழுதியது. அந்நிறுவனங்களின் வளாகங்களில் தளத்துக்கும் வடிகாலுக்கும் குறைவில்லை. ஆனால் வளாகத்தின் வடிகால் சென்று சேரும் கால்வாய், மேட்டுப் பகுதிகள் அனைத்தின் நீரையும் ஒரே சமயத்தில் சுமந்து நின்றது. வெளியே நீர்மட்டம் உயர்ந்தால், உள்ளிருந்து நீர் போவதற்கு மாறாக வெளிநீர் உள்ளே வரும். இதற்கென வடிகாலின் வாயில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு வைப்பதுண்டு. விலை சிறிது, பல மனைகளில் அது இல்லை.

கோரமங்கலாப் பள்ளத்தாக்கின் முதன்மைக் கால்வாய்களுள் ஒன்று, மெஜஸ்டிக் பக்கத்தில் தொடங்கி, சாந்திநகர் வழியாக, நீலசந்திராவுக்குத் தெற்கே ஓடிப் பெல்லந்தூரை அடைகிறது. கே–100 என்று எண்ணிடப்பட்ட அதில் கழிவுநீர் கலப்பதைத் தடுத்து, கரைகளில் மக்கள் நடக்கும்படி சீர்திருத்தும் பணி 2021ஆம் ஆண்டில் தொடங்கிற்று. கால்வாயை அரசு சீர்படுத்தலாம். ஆனால் அதில் வந்து விழும் மண்ணும் பிளாஸ்டிக்கும் மனைகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் வருவன. மனையின் வடிகால் தெருவைச் சேருமுன் ஒரு வண்டல் தொட்டி இருந்தால் பெரும்பகுதி அங்கேயே தங்கும். முக்கால் மீட்டர் சதுரமும் அதே ஆழமும் உள்ள தொட்டி, அதன் வாயில் ஒரு கம்பிச்சட்டம், அவ்வளவே.

அந்தத் தொட்டியை யார் தூர்வாருவது என்பதையும் வரைபடம் போடும்பொழுதே தீர்மானிக்க வேண்டும். சாக்கடைக்குள் மனிதரை இறக்கி, காப்புக் கருவியின்றிச் சுத்தம் செய்விப்பதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்துள்ளது. மழைநீர் வடிகாலாயினும், கழிவுநீர் கலந்திருந்தால் அதிலும் நச்சுக்காற்று தேங்கும். ஆதலின் வடிகால்கள், மேலே நின்றபடி நீண்ட கைப்பிடிக் கரண்டியால் வாரக்கூடிய ஆழத்தில் இருக்க வேண்டும். அதற்குமேல் ஆழமானால் இயந்திரம் வந்து நிற்க இடம் வேண்டும். மூடுபலகைகள் இருவர் தூக்கக்கூடிய எடையில் அமைய வேண்டும். கடைக்கு முன்னே படிக்கட்டு அமைப்பதற்காக மூடுபலகையின்மேல் சிமெண்டு பூசி அடைத்துவிடும் வழக்கம் எங்கும் உண்டு. அடைத்தவர் கடையை விற்றுச் சென்ற பின்னர், அந்த இடத்தில் வடிகால் இருப்பதையே அடுத்து வருபவர் அறியார்.

தூர்வாருவதற்கு ஏற்ற காலம் மார்ச்சு மாதம். ஏப்ரலில் மாங்காய் மழை என்று கருநாடகத்தார் சொல்லும் முதல் மழை வரும்; ஆண்டு முழுவதும் சேர்ந்த தூசியையும் இலையையும் அதுவே அடித்து வரும். ஆகஸ்டு மாதத்தில் மீண்டும் ஒருமுறை வார வேண்டும். அப்பொழுது எடுக்கும் வண்டலை வடிகாலின் ஓரத்திலேயே குவித்து வைத்தால், அன்று மாலையே அது திரும்ப உள்ளே போய்விடும்.